தட்டைத் திறக்காதே: உயிரியல் பயிலரங்குகளின் பாதுகாப்பு விதிகள் பிறந்த கதை

இது வரலாற்றுக் கட்டுரைதான். ஆனால் நான் இதை எழுதக் காரணமான ஒரு சின்ன சம்பவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கடந்த ஆண்டு பள்ளி விடுமுறையில், எங்கள் வட்டாரத்தில் ஒரு சமூகக் கூடத்தில் உயிரியல் பயிலரங்கு நடந்தது. அறிவியலில் முன் அனுபவம் இல்லாதவர்களுக்கானது. பெற்றோர், தாத்தா பாட்டி, உயர்நிலை ஒன்று மாணவர்கள் என்று கலந்து வந்திருந்தார்கள். நான் தமிழாசிரியர். தமிழில் விளக்கம் சொல்லவும் பாதுகாப்புத் தாளை மொழிபெயர்க்கவும் அழைத்திருந்தார்கள். முதல் வாரம் கைப்பேசி, கதவுப் பிடி, மேசை ஆகியவற்றைப் பஞ்சால் தடவி, அந்தப் பஞ்சை அகர் தட்டில் இழுத்தோம். அடுத்த வாரம் தட்டுகளில் வெள்ளையும் மஞ்சளுமாய்ப் புள்ளிகள் வளர்ந்திருந்தன. எல்லாருக்கும் ஒரே ஆச்சரியம்.

நிகழ்ச்சி முடிந்து கிளம்பும்போது ஒரு பையன் தன் தட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தான், சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில். "என்னப்பா இது?" என்றேன். "அம்மாகிட்ட காட்டணும் டீச்சர். இது என் கைப்பேசியில இருந்தது!" என்றான். அறிவியல் ஆசிரியர் ஓடி வந்து தட்டை வாங்கி, இரண்டு பைகளில் போட்டுக் கட்டினார். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஏனென்றால் அந்த விதி தாளில் இருந்தது. "உயிரியல் கழிவுகள் உரிய முறையில் அகற்றப்பட வேண்டும்" என்று நானே எழுதியிருந்தேன். அந்தப் பையன் அந்தத் தட்டைக் கழிவு என்று நினைக்கவே இல்லை. அவனுக்கு அது ஒரு பரிசு.

அந்த விதி ஏன் வந்தது என்று தெரியாமலேயே நான் மொழிபெயர்த்திருந்தேன். அதனால்தான் அது யாருக்கும் புரியாத வாக்கியமாகப் போனது. பிறகு இந்த விதிகள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

சமையலறையில் இருந்து வந்த அகர்

அகர் அகர் என்பது மலாய்ச் சொல். பெருநாள் காலத்தில் நம் வீடுகளில் பச்சையும் சிவப்புமாய் வெட்டித் தட்டில் அடுக்குகிறோமே, அதேதான். 1880களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ராபர்ட் கோக் என்ற மருத்துவரின் ஆய்வகத்தில் நுண்ணுயிர்களை வளர்க்க ஜெலட்டினைப் பயன்படுத்தினார்கள். கோடை வந்தால் ஜெலட்டின் உருகிவிடும். சில நுண்ணுயிர்கள் அதையே தின்று கரைத்துவிடும். அங்குப் பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸே என்பவர் இதனால் தவித்தபோது, அவருடைய மனைவி ஃபேனி ஹெஸ்ஸே ஒரு யோசனை சொன்னார். வெயில் காலத்திலும் உருகாத இனிப்புகளைச் செய்ய அவர் வீட்டில் அகரைப் பயன்படுத்தி வந்தார். ஜாவாவில் வாழ்ந்த ஒரு குடும்பத்திடமிருந்து அதைத் தெரிந்துகொண்டதாகச் சொல்லப்படுகிறது. அந்த யோசனை பலித்தது. 1887இல் ஜூலியஸ் ரிச்சர்டு பெட்ரி, மூடியுடன் கூடிய தட்டையான கண்ணாடித் தட்டைப் பற்றி எழுதினார். இன்றும் பயிலரங்கில் நம் கையில் இருப்பது இந்த இரண்டும்தான்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆய்வகப் பொருள் சமையலறையில் இருந்து வந்ததால், இரண்டுக்கும் இடையே கோடு தானாக விழாது. நாம்தான் போட வேண்டும். முற்கால ஆய்வாளர்கள் திரவத்தை அளக்கக் கண்ணாடிக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினார்கள். நாம் குழல் வைத்து பானம் குடிப்பது போல! 1893இல் ஒரு மருத்துவர் அப்படி உறிஞ்சும்போது டைஃபாய்டுக் கிருமி வாய்க்குள் போய் நோய்வாய்ப்பட்டது பதிவாகியிருக்கிறது. அதற்குப் பிறகும் அந்தப் பழக்கம் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. "எல்லாரும் இப்படித்தானே செய்றோம்" என்ற எண்ணம் அவ்வளவு வலுவானது. "ஆய்வு மேசையில் உண்ணாதே, குடிக்காதே, எதையும் வாயில் வைக்காதே" என்ற விதிக்குப் பின்னால் இத்தனை வருடக் கதை இருக்கிறது.

"தீங்கற்றது" என்ற சொல்

பயிலரங்கு அறிவிப்புகளில் "தீங்கற்ற நுண்ணுயிர்களை மட்டுமே பயன்படுத்துகிறோம்" என்று பார்த்திருப்பீர்கள். இந்தச் சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு.

செராஷியா மார்செசென்ஸ் என்று ஒரு நுண்ணுயிர். இரத்தச் சிவப்பு நிறத்தில் வளரும். கண்ணுக்கு நன்றாகத் தெரிவதால், கிருமி எங்கெல்லாம் பரவுகிறது என்று காட்ட அதைப் பயன்படுத்தினார்கள். 1906இல் இலண்டன் நாடாளுமன்ற அவையில் எம். எச். கார்டன் என்ற ஆய்வாளர் அந்த நுண்ணுயிர் கலந்த நீரால் வாய் கொப்பளித்துவிட்டு, ஆளில்லாத அவையில் ஷேக்ஸ்பியர் நாடக வசனங்களை உரக்கச் சொன்னார். கேட்டவை, ஆங்காங்கே வைக்கப்பட்டிருந்த தட்டுகள் மட்டுமே. பேசும்போது வாயிலிருந்து தெறிப்பது எவ்வளவு தூரம் போகிறது என்று அவற்றில் வளர்ந்த சிவப்புப் புள்ளிகள் காட்டின.

1950 செப்டம்பரில் அமெரிக்கக் கடற்படை இதே நுண்ணுயிரை சான் பிரான்சிஸ்கோ கடற்கரைக்கு அப்பாலிருந்து நகரை நோக்கி இரகசியமாகத் தெளித்தது. காற்றில் எப்படிப் பரவும் என்று அறிவதே நோக்கம். நகர மக்களுக்குத் தெரியாது. அடுத்த சில வாரங்களில் அந்நகர மருத்துவமனை ஒன்றில் 11 நோயாளிகளுக்கு இந்த நுண்ணுயிரால் தொற்று ஏற்பட்டது. ஒருவர் இறந்தார். தெளித்ததற்கும் இந்தத் தொற்றுக்கும் நேரடித் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை. 1970களில் இந்தச் சோதனை வெளியே தெரிந்தபோது மக்கள் கொதித்தார்கள். இன்று செராஷியா, மருத்துவமனைத் தொற்றுகளை உண்டாக்கக்கூடியது என்று எல்லாருக்கும் தெரியும்.

ஆக, "தீங்கற்றது" என்றால் "நாம் இதுவரை அறிந்தபடி, ஆரோக்கியமான பெரியவருக்கு நோய் தருவதில்லை" என்றுதான் பொருள். பயிலரங்குக்கு வரும் பாட்டிக்குச் சர்க்கரை நோய் இருக்கலாம். ஒருவர் கர்ப்பிணியாக இருக்கலாம். ஒருவர் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடலாம். யார் வருகிறார்கள் என்று தெரியாமல் எதைப் பயன்படுத்துவது என்று முடிவு செய்ய முடியாது.

கேள்வி கேட்ட ஆசிரியர்

1971 கோடைக்காலம். நியூயார்க் மாநிலத்தின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுக்கூடத்தில் ஒரு பயிற்சி வகுப்பு. ஜேனட் மெர்ட்ஸ் என்ற முனைவர் பட்ட மாணவி, தன் பேராசிரியர் பால் பெர்க் செய்யவிருந்த ஆய்வைப் பற்றிச் சொன்னார். குரங்குகளில் காணப்படும், எலிகளில் கட்டி உண்டாக்கும் ஒரு வைரசின் மரபணுவை, மனிதக் குடலில் வாழும் ஈ.கோலை நுண்ணுயிருக்குள் செலுத்தும் திட்டம் அது. வகுப்பை நடத்திய ராபர்ட் பொல்லாக் திடுக்கிட்டார். ஈ.கோலை நம் குடலிலேயே வாழக்கூடியது ஆயிற்றே! அவர் பெர்க்கைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார். பெர்க் முதலில் அந்தக் கேள்வியை விரும்பவில்லை. யோசித்துப் பார்த்த பிறகு அந்த ஆய்வைத் தள்ளிவைத்தார்.

1974இல் பெர்க்கும் வேறு சில அறிவியலாளர்களும், இப்படிப்பட்ட சில ஆய்வுகளைத் தாங்களாகவே நிறுத்திவைக்குமாறு உலக ஆய்வாளர்களைக் கேட்டுக்கொண்டார்கள். 1975 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் அசிலோமாரில் சுமார் 140 பேர் கூடினார்கள். ஆபத்துக்கு ஏற்ற அளவில் பாதுகாப்பு இருக்க வேண்டும் என்ற முடிவு அங்கே எட்டப்பட்டது. எல்லா ஆய்வுக்கும் ஒரே பூட்டு வேண்டாம், எல்லாவற்றையும் திறந்தும் விட வேண்டாம். 1976இல் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனம் நான்கு பாதுகாப்பு நிலைகளைக் கொண்ட விதிமுறைகளை வெளியிட்டது. இன்று நாம் சொல்லும் "முதல் நிலை ஆய்வகம்", "இரண்டாம் நிலை ஆய்வகம்" என்ற பாகுபாட்டில் அந்தச் சிந்தனையே இருக்கிறது. பயிலரங்குகள் முதல் நிலையிலேயே நிற்க வேண்டும்.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவ்வளவு பெரிய மாற்றம் ஒரு வகுப்பில் எழுந்த ஒரு கேள்வியில் தொடங்கியது.

ஒரு நகரம் பேசியது

அசிலோமாரில் பொதுமக்கள் இல்லை. அந்தக் குறை அடுத்த ஆண்டே வெளிப்பட்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ் என்று ஒரு நகரம். ஹார்வர்ட் பல்கலைக்கழகம் அங்கே மூன்றாம் நிலை ஆய்வகம் ஒன்றைக் கட்டத் திட்டமிட்டது. அந்தப் பழைய கட்டடத்தில் எறும்புத் தொல்லை இருந்தது. "எறும்பு போய் வரும் இடத்தில் கிருமியை எப்படிப் பூட்டி வைப்பீர்கள்?" என்று எதிர்த்தவர்கள் கேட்டார்கள். அறிவியலாளர்களே இரண்டு பக்கமாகப் பிரிந்தார்கள். நோபெல் பரிசு பெற்ற ஜார்ஜ் வால்டும் அவருடைய மனைவி ரூத் ஹபர்டும் எதிர்த்தவர்களில் முக்கியமானவர்கள்.

மேயர் ஆல்ஃபிரட் வெலூச்சி 1976 கோடையில் நகர மன்றத்தில் பொது விசாரணை நடத்தினார். ஆய்வு தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. நகரக் குடிமக்களைக் கொண்ட மறுஆய்வுக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் உயிரியல் படித்தவர்கள் அல்லர். பல மாதங்கள் இரண்டு தரப்பையும் கேட்டார்கள், ஆய்வகங்களைப் போய்ப் பார்த்தார்கள். இறுதியில் "கூடாது" என்று அவர்கள் சொல்லவில்லை. கூடுதல் நிபந்தனைகளோடு செய்யலாம் என்றார்கள். 1977 பிப்ரவரியில் நகர மன்றம் அதைச் சட்டமாக்கியது. சில ஆண்டுகளில் உயிரித்தொழில்நுட்ப நிறுவனங்கள் அந்த நகரத்தைத் தேடி வந்தன. விதி தெளிவாக இருந்தது அதற்கு ஒரு காரணம் என்று பலர் கருதுகிறார்கள்.

விதி ஆர்வத்தைக் கொன்றுவிடும் என்று சொல்பவர்களுக்கு நான் இந்த நகரத்தைத்தான் காட்டுவேன்.

நம் ஊரில் 2003

வெளிநாட்டுக் கதை மட்டும் போதாது. 2003இல் சிங்கப்பூரில் சார்ஸ் நோயால் 238 பேர் பாதிக்கப்பட்டார்கள். 33 பேர் உயிரிழந்தார்கள். மே மாத இறுதியில் சிங்கப்பூர் சார்ஸ் அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. மக்கள் பெருமூச்சு விட்டார்கள்.

செப்டம்பரில் மறுபடியும் ஒரு நோயாளி. 27 வயது ஆய்வு மாணவர். சார்ஸ் நோயாளி எவரோடும் அவருக்குத் தொடர்பில்லை. அவர் ஆராய்ந்ததும் சார்ஸ் கிருமியை அல்ல, வெஸ்ட் நைல் வைரஸ் என்ற வேறொன்றை. விசாரித்தபோது, அவர் பயன்படுத்திய ஆய்வகத்தில் இரண்டு கிருமிகளும் கையாளப்பட்டதும், அவருடைய மாதிரியில் சார்ஸ் கிருமி கலந்திருந்ததும் தெரியவந்தது. ஆய்வகப் பாதுகாப்பு முறைகள் போதவில்லை என்று அனைத்துலக நிபுணர்களைக் கொண்ட குழு சொன்னது. நல்ல வேளையாக அவர் குணமானார். வேறு யாருக்கும் பரவவில்லை.

2005இல் உயிரியல் கிருமிகள், நச்சுப் பொருள்கள் குறித்த சட்டம் நம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அண்டை நாடான மலேசியாவும் 2007இல் உயிரியல் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. அது மரபணு மாற்றப்பட்ட உயிரினங்களைப் பற்றியது.

இந்தச் சம்பவத்தில் நாம் கற்கும் பாடம் ஒன்றுதான்: உன் கையில் இருப்பது எது என்று பெயர்ச்சீட்டு சொல்வதும், உண்மையில் இருப்பதும் வேறாக இருக்கலாம். 2017இல் ஜெர்மனியில் அஞ்சல் வழி விற்கப்பட்ட ஒரு மரபணுப் பரிசோதனைப் பெட்டியில், தீங்கற்ற ஆய்வக நுண்ணுயிர் மட்டும் இருக்க வேண்டிய இடத்தில் நோய் தரக்கூடிய நுண்ணுயிர்களும் இருந்ததை பவேரிய மாநில அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். எங்கே வாங்குகிறோம் என்பது அதனால்தான் முக்கியம்.

சமூக ஆய்வகங்கள்

2004 மே மாதம், நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் ஸ்டீவ் கர்ட்ஸ் என்ற கலைஞரின் மனைவி தூக்கத்தில் இதயச் செயலிழப்பால் இறந்தார். அவசர உதவிக்கு வந்தவர்கள், வீட்டில் தட்டுகளையும் ஆய்வுக் கருவிகளையும் பார்த்துப் பயந்துபோனார்கள். உயிரித் தொழில்நுட்பம் பற்றிய ஒரு கலைக் கண்காட்சிக்காக அவர் அவற்றை வைத்திருந்தார். மத்தியப் புலனாய்வுத் துறை வந்தது, வீடு மூடப்பட்டது. மனைவியை இழந்தவர் சந்தேகத்துக்கு ஆளானார். உயிரியல் பயங்கரவாதக் குற்றம் எதுவும் சாட்டப்படவில்லை. ஆனால் நுண்ணுயிர் வாங்கிய முறையை வைத்து அஞ்சல் மோசடி வழக்குத் தொடுத்தார்கள். 2008இல்தான் அது தள்ளுபடியானது.

அதே 2008இல், மேலே சொன்ன கேம்பிரிட்ஜ் நகரில், ஒரு மதுபான விடுதியில் சிலர் கூடி "நாமே செய்யும் உயிரியல்" என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஜேசன் போப், மெக்கென்சி கோவெல் இருவரும் அதன் நிறுவனர்கள். 2010இல் நியூயார்க்கின் புருக்ளினில் ஜென்ஸ்பேஸ் என்ற சமூக ஆய்வகம் முதல் நிலைப் பாதுகாப்போடு திறக்கப்பட்டது. 2011இல் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இந்த ஆர்வலர்கள் கூடித் தங்களுக்கென நெறிமுறைகளை எழுதிக்கொண்டார்கள். வெளிப்படையாக இருப்பது, பாதுகாப்பாகச் செய்வது, அமைதி நோக்கத்துக்கு மட்டும் பயன்படுத்துவது ஆகியவை அவற்றில் உண்டு. 2013இல், யார் வேண்டுமானாலும் உயிரியல் பாதுகாப்பு நிபுணரிடம் இலவசமாகக் கேள்வி கேட்கும் இணையச் சேவையையும் தொடங்கினார்கள். யாரும் கட்டாயப்படுத்தும் முன்னரே அவர்கள் இதைச் செய்தார்கள். கர்ட்ஸுக்கு நேர்ந்ததும் அவர்கள் நினைவில் இருந்திருக்கும். அண்டை வீட்டாருக்கும் தீயணைப்புப் படைக்கும் "இங்கே என்ன நடக்கிறது" என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால், பயம் வதந்தியாக மாறாது.

கிருமி வீட்டுக்குப் போன கதை

இப்போது அந்தப் பையனின் சாப்பாட்டு டப்பாவுக்கு வருவோம். 2010 ஆகஸ்டு முதல் 2011 ஜூன் வரை அமெரிக்காவின் 38 மாநிலங்களில் 109 பேருக்கு ஒரே வகை சால்மொனெல்லாத் தொற்று ஏற்பட்டது. ஒருவர் இறந்தார். நோயாளிகளில் பலர் மருத்துவ ஆய்வகங்களுடனும் நுண்ணுயிரியல் கற்பிக்கும் ஆய்வகங்களுடனும் தொடர்புடையவர்கள். ஆய்வகத்துக்குள் காலே வைக்காத சிறு பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். அவர்கள் வீட்டில் ஒருவர் ஆய்வகத்தில் படித்தார் அல்லது வேலை செய்தார். அவ்வளவுதான்.

கிருமி எப்படி வீட்டுக்குப் போகிறது? பேனா, குறிப்பேடு, கைப்பேசி, அங்கி, பை. ஆய்வு மேசையில் எழுதிய பேனாவை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்தால் போதும். இதன் பிறகு 2012இல் அமெரிக்க நுண்ணுயிரியல் சங்கம், கற்பிக்கும் ஆய்வகங்களுக்கென்றே தனி வழிகாட்டியை வெளியிட்டது. கதவுப் பிடியிலோ கைப்பேசியிலோ எடுத்து வளர்த்த நுண்ணுயிர் எதுவென்று நமக்குத் தெரியாது. அதனால் அப்படிப்பட்ட தட்டை ஒட்டி மூடிய பிறகு திறக்கவே கூடாது. வெளியிலிருந்து பார்க்கலாம், படம் எடுக்கலாம், வரையலாம். திறக்கக் கூடாது.

இதைப் படித்தபோதுதான் எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் பயிலரங்கில் நடந்தது அபூர்வமான தவறே இல்லை. எங்கும் நடக்கக்கூடியது.

அடுத்த பயிலரங்குக்கு முன்

இந்த வரலாற்றை வைத்து நானும் அறிவியல் ஆசிரியரும் அடுத்த பயிலரங்குக்கு ஒரு திட்டம் எழுதினோம். ஆறு கேள்விகள்தான்.

1. எந்த உயிரினம், எங்கிருந்து வாங்கியது? பெயர் தெரிந்த, முதல் நிலைக்குரிய, நம்பகமான இடத்தில் வாங்கியது மட்டுமே. முதன்முறை வருபவர்களுக்கு நுண்ணுயிரே வேண்டியதில்லை. வாழைப்பழத்திலிருந்து டிஎன்ஏ பிரிப்பதே போதும். ஆனால் அதற்குப் பயன்படும் ஆல்கஹால் எளிதில் தீப்பிடிக்கும் என்பதை மறக்கக் கூடாது. மரபணு மாற்றம் என்றால் அதற்குரிய விதிமுறைகளையும் அனுமதியையும் பார்க்காமல் தொடக்கூடாது.

2. யார் வருகிறார்கள்? வயது என்ன, கையில் வெட்டுக்காயம் உண்டா என்று கேட்க வேண்டும். உடல்நலக் காரணம் உள்ளவர்கள் எல்லார் முன்பும் சொல்ல வேண்டியதில்லை. தனியாகச் சொல்ல வழி வேண்டும். அவர்களுக்கு வேறு பணி தர வேண்டும்.

3. எந்த இடம்? அங்கே சமைப்பார்களா, சாப்பிடுவார்களா? கைகழுவும் தொட்டி எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது? பைகளை எங்கே வைப்பது?

4. சிந்தினால் என்ன செய்வது? யார் துடைப்பார், யாரிடம் சொல்வது? இதை வாயால் சொன்னால் போதாது, ஒருமுறை வெறும் தண்ணீரைக் கொட்டி ஒத்திகை பார்க்க வேண்டும்.

5. முடிந்ததும் தட்டு எங்கே போகும்? எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டும். 20 தட்டு போனால் 20 தட்டு திரும்ப வர வேண்டும். பள்ளி ஆய்வகத்தின் அழுத்த நீராவிக் கலனில் 121 பாகை வெப்பத்தில் கிருமி நீக்கிய பிறகே குப்பைக்கு.

6. யாருக்குத் தெரியும்? கட்டட நிர்வாகிக்கும் பெற்றோருக்கும் முன்கூட்டியே ஒரு பக்கக் கடிதம்.

பாதுகாப்புத் தாளையும் மாற்றி எழுதினேன். "உயிரியல் கழிவுகள் உரிய முறையில் அகற்றப்பட வேண்டும்" போய்விட்டது. இப்போது இப்படி இருக்கிறது: "தட்டைத் திறக்காதே. வீட்டுக்குக் கொண்டுபோகாதே, படம் எடுத்துக்கொண்டு போ. இங்குள்ள பேனாவை இங்கேயே வை. கையைச் சோப்பால் கழுவிவிட்டுக் கிளம்பு." ஒவ்வொரு வரிக்கும் கீழே அந்த விதி வந்த காரணத்தை ஒரே வாக்கியத்தில் போட்டிருக்கிறோம். "சிறு பிள்ளைகளுக்கும் நோய் வந்தது, அவர்கள் ஆய்வகத்துக்கே போகாதவர்கள்" என்பது அவற்றில் ஒன்று.

அந்தப் பையனும் மறுபடி வந்தான். தாளை வாசித்துவிட்டு, "அப்போ என் தங்கச்சிக்கு வந்திருக்குமா டீச்சர்?" என்று கேட்டான். "வந்திருக்கலாம்பா. அதனாலதான் வாங்கினோம்" என்றேன். இந்த முறை அவன் தட்டைப் படம் எடுத்துக்கொண்டான். பிறகு, யாரும் கேட்காமலே, தானே மேசை மேசையாகப் போய்த் தட்டுகளை எண்ணத் தொடங்கினான்.

வகுப்பில் கலந்துரையாட

மாணவர்களே, கட்டுரைத் தேர்வுக்கு ஆயத்தமாகும்போது இந்த மூன்று வினாக்களை யோசித்துப் பாருங்கள். கேம்பிரிட்ஜ் நகரக் குழுவில் நீங்கள் இருந்திருந்தால் எந்தக் கேள்வியை முதலில் கேட்டிருப்பீர்கள்? "விதிகள் அறிவியல் ஆர்வத்தைக் குறைக்கின்றன" என்ற கருத்தை ஏற்கிறீர்களா? வரலாற்றுச் சான்று இரண்டைக் காட்டி எழுதுங்கள். உங்கள் பள்ளி அறிவிப்புப் பலகையில் உள்ள ஒரு விதியை எடுத்து, உங்கள் தாத்தா பாட்டிக்குப் புரியும் தமிழில் காரணத்தோடு மாற்றி எழுதுங்கள். மூன்றாவதுதான் மூன்றிலும் கடினம். செய்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.